மஸ்தாவின் ஊரில்: ஹிரோஷிமா பயணக் குறிப்புகள்

நவம்பர் 11, 2024, திங்கள் – ஹிரோஷிமா நிலையம், ஹட்சோபோரி

ஒசாகாவிலிருந்து புறப்பட்ட ஷின்கான்சென் அதிவேக ரயில் ஹிரோஷிமாவில் நின்றபோது நண்பகல் கடந்திருந்தது. நிலையத்தின் முகப்பு முழுவதும் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்ததால், தகரத் தடுப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நடக்கவேண்டியிருந்தது. அந்த நடையில் என் பெட்டியின் சக்கரம் ஒன்று உடைந்து கழன்றுவிட்டது. எதிரே வந்த பெரியவர் ஒருவர் அதைக் குனிந்து எடுத்து, அச்சு முறிந்திருப்பதைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ட்ராம் நிறுத்தம் வரை என்னுடன் நடந்து வந்தார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் குனிந்து வணங்கிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். அவருக்குப் போகவேண்டிய திசை வேறு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நகருக்குள் ட்ராமில் எவ்வளவு தூரம் போனாலும் அப்போது 220 யென்தான் கட்டணமாக இருந்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதியில் ட்ராம் மீண்டும் ஓடத் தொடங்கியது என்பதும், அன்று சேதமடைந்து பழுதுபார்க்கப்பட்ட 651, 652 எண் வண்டிகள் இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன என்பதும் இந்த ஊரார் பெருமையுடன் சொல்லும் செய்திகள். என் நண்பரின் மகன் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருக்கிறார். இந்தப் பயணம் முழுவதும் எனக்கு மொழிபெயர்த்தவர் அந்தத் தம்பிதான். ஹட்சோபோரி நிறுத்தத்தில் காத்திருந்தவர், "பசிக்குதா மாமா? முதல்ல சாப்பிட்டுட்டு அப்புறம் அறைக்குப் போகலாம்" என்று சந்து ஒன்றுக்குள் அழைத்துச் சென்றார்.

அங்கே எட்டுப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு சிறு ஒகொனொமியாகி கடை இருந்தது. நம் வீட்டுத் தோசைக்கு ஊற்றுவதுபோல மாவை மெல்லிய வட்டமாகக் கல்லில் பரப்பி, அதன்மேல் முட்டைக்கோஸை மலையாகக் குவித்து, முளைப்பயறு, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கி, இனிப்பும் புளிப்புமான கெட்டிச் சாற்றைப் பூசித் தருகிறார்கள். பன்றி இறைச்சி வேண்டாம் என்று சொன்னதும், கடைக்கார அம்மாள் கல்லின் ஒரு மூலையைத் தனியாகச் சுரண்டித் துடைத்துவிட்டு அங்கே எனக்காகச் சுட்டார். விலை 1,100 யென். நம் கணக்கில் 600 ரூபாய்க்கு மேல்.

சுவரில் ஹிரோஷிமாவின் 'கார்ப்' பேஸ்பால் அணியின் சிவப்புத் தொப்பி தொங்கியது. எழுபதை ஒட்டிய வயதுடைய அந்த அம்மாளின் கணவர் மஸ்தா கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மஸ்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன் என்று தம்பி சொன்னதும், அந்த அம்மாள் கார்களை விட்டுவிட்டுப் பேஸ்பாலில் இருந்து பேச்சைத் தொடங்கினார். பெரிய முதலாளி யாரும் இல்லாமல் 1950இல் களம் இறங்கிய அணி அது. பணம் இல்லாத நாட்களில் மைதான வாசலில் சாராயப் பீப்பாய்களை வைத்து, ரசிகர்கள் போட்ட காசில் அணியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1968இல் டோயோ கோக்யோ, அதாவது இன்றைய மஸ்தா நிறுவனம், அணியைத் தாங்கிப் பிடித்தது. முதல் கோப்பை 1975இல் வந்தது. அதே காலத்தில் எண்ணெய் நெருக்கடியின் அடியில் நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்தது. தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்குவதற்குப் பதிலாக, ஆயிரக்கணக்கானவர்களை நாடெங்கும் உள்ள விற்பனை நிலையங்களுக்கு அனுப்பிக் கார் விற்கச் சொன்னார்கள். பட்டறையில் கடைசல் வேலை தவிர வேறொன்றும் அறியாத இவருடைய கணவரும் அப்படி டோக்கியோ பக்கம் போய், வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கார் விற்றவராம். "என் கணவருக்கு வாய் திறந்து பேசவே வராது. ஆனாலும் விற்றார்" என்று சொல்லிவிட்டு, அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி சாற்றை ஊற்றினார்.

1980இல் வந்த ஃபாமிலியாவைப் பற்றியும் அவரே சொன்னார். ஜப்பானின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதை வென்ற கார் அது. சிவப்பு ஃபாமிலியா வாங்கி, அதன் கூரையில் அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு, கடல் பக்கமே போகாமல் ஊருக்குள் சுற்றி வருவது அந்நாளைய இளைஞர்களின் வழக்கமாக இருந்தது. அந்த அம்மாளின் உடன்பிறந்த தம்பியும் அவர்களில் ஒருவர். இன்று அவர்கள் வீட்டில் நிற்பது ஒரு சிறிய டெமியோ. அதன் பின் இருக்கை குறுகல் என்று குறை சொன்னார். ஆனால் வேறு கார் வாங்கும் எண்ணம் அவரிடம் தென்படவில்லை.

நவம்பர் 12, செவ்வாய் – முகாய்நாடா

ஹிரோஷிமாவிலிருந்து உள்ளூர் ரயிலில் இரண்டாவது நிலையம் முகாய்நாடா. அங்கிருந்து சில நிமிட நடையில் மஸ்தாவின் தலைமை அலுவலகம் வந்துவிடுகிறது. மஸ்தா அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை; முன்பதிவு மட்டும் கட்டாயம். அலுவலகத்தில் பெயரைச் சரிபார்த்து, நிறுவனத்தின் பேருந்தில் ஏற்றி, தொழிற்சாலைக்குள் அழைத்துச் செல்கிறார்கள். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கும் இந்த வளாகத்துக்குச் சொந்தமாக ஒரு பாலமே இருக்கிறது. கடலோரத்தில் ஏற்றுமதிக் கார்களுக்கான துறையும் உள்ளேயே அமைந்திருக்கிறது.

எங்களுக்கு முன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கூட்டம் ஒன்று போனது. ஜப்பானில் அந்த வகுப்பின் சமூகப் பாடத்தில் கார் தொழில் பற்றி ஒரு பகுதி உண்டு என்பதால், இங்கு பள்ளிப் பிள்ளைகள் ஓயாமல் வந்துகொண்டிருப்பார்களாம். நோட்டுப் புத்தகத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கேட்டதையெல்லாம் எழுதிய அந்தப் பிள்ளைகளின் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வரலாறு காரில் தொடங்கவில்லை, மரப்பட்டையில் தொடங்குகிறது. 1920 ஜனவரியில் டோயோ கார்க் கோக்யோ என்ற பெயரில், மரப்பட்டையிலிருந்து கார்க் தயாரிக்கும் நிறுவனமாக இது பிறந்தது. அடுத்த ஆண்டே ஜுஜிரோ மட்சுதா அதன் தலைவரானார். முகாய்நாடாவில் மீனவக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே ஒசாகாவுக்குப் போய்க் கொல்லுப்பட்டறையில் தொழில் கற்றவர் அவர். 1925இல் தொழிற்சாலை தீக்கிரையானது. இரண்டு ஆண்டுகள் கழித்து நிறுவனத்தின் பெயரிலிருந்து கார்க் என்ற சொல் நீங்கியது; இயந்திரங்கள் செய்வதை நோக்கி அவர் திரும்பினார். 1931இல் வெளிவந்த மூன்று சக்கரச் சரக்கு வண்டிதான் 'மஸ்தா' என்ற பெயரைத் தாங்கிய முதல் வாகனம். மோட்டார் சைக்கிளின் முன்பாதியையும் சிறு லாரியின் பின்பாதியையும் ஒட்டவைத்த தோற்றம் அதற்கு.

அந்த வண்டியின் எதிரே வெகுநேரம் நின்றேன். தமிழ்நாட்டில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு மஸ்தா என்றால் கார் நினைவுக்கு வராது. திருமணத்துக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிச் சென்ற ஸ்வராஜ் மஸ்தா வேன்தான் நினைவுக்கு வரும். பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனத்துடனும் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனத்துடனும் சேர்ந்து மஸ்தா எண்பதுகளில் பஞ்சாபில் தொடங்கிய கூட்டுத் தொழில் அது. மஸ்தா விலகிச் சென்ற பிறகும் பெயர் பல காலம் வண்டியில் நிலைத்து, 2011இல்தான் எஸ்எம்எல் இசுசு என்று மாறியது. பாரம் ஏற்றும் வண்டியில்தான் இந்த நிறுவனத்தின் வேர் இருக்கிறது என்பதை அந்தக் கூடத்தில் கண்டபோது, அந்த வேன்களின் மேல் எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது.

1960இல் வந்த ஆர்360 கூப்பே மஸ்தாவின் முதல் பயணியர் கார். 356 சிசி என்ஜின், 380 கிலோ எடை, 3 லட்சம் யென் விலை. கதவைத் திறந்து காட்டினார்கள். பின் இருக்கையில் குழந்தைகள் மட்டுமே உட்கார முடியும், பெரியவர்களால் முடியாது. ஆனாலும் சாதாரணக் குடும்பம் ஒன்று கார் வாங்கலாம் என்ற எண்ணத்தை உண்டாக்கிய வண்டிகளுள் அதுவும் ஒன்று.

அதற்கு அடுத்த கூடத்துக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். ஜுஜிரோவின் மகன் ட்சுனேஜி மட்சுதா, ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்துடன் 1961இல் ரோட்டரி என்ஜினுக்கான ஒப்பந்தம் செய்துகொண்டார். ஜப்பான் அரசாங்கம் சிறிய கார் நிறுவனங்களைப் பெரியவற்றுடன் இணைத்துவிட எண்ணியிருந்த காலம் அது. தனித்து நிற்க வேண்டுமானால் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கவேண்டும் என்று அவர் நினைத்தார். சாதாரண என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் ஏறி இறங்கும். ரோட்டரியில் அது கிடையாது. முக்கோண வடிவச் சுழலி ஒன்று, பட்டுக்கூட்டின் வடிவில் குடையப்பட்ட அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் அறையின் சுவரை உரசியபடியே காற்றும் எரிபொருளும் கசியாமல் அடைக்கவேண்டும். சிக்கல் அங்கேதான் இருந்தது. சிறிது காலம் ஓடியதுமே சீல்கள் அதிர்ந்து, சுவர் முழுவதும் வரி வரியாகக் கீறல் விழுந்தது. பொறியாளர்கள் அதற்குப் 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள்.

1963இல் கெனிச்சி யமமோடோவின் தலைமையில் 47 பேர் கொண்ட ரோட்டரி ஆய்வுப் பிரிவு அமைந்தது. எஜமானனுக்காக உயிரைக் கொடுத்த 47 சாமுராய்களின் கதையை அறிந்த ஜப்பானியர்கள், இவர்களையும் அதே பெயரால் அழைத்தார்கள். யமமோடோ டோக்கியோவில் பொறியியல் படித்தவர். இருந்தும் 1946இல் இங்கே சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது, மூன்று சக்கர வண்டிகளுக்குக் கியர்பெட்டி பூட்டும் தொழிலாளி வேலை. பின்னாளில் நிறுவனத்தின் தலைவராகவே உயர்ந்த அவர், 2017இல் தம் 95ஆம் வயதில் காலமானார். கார்பனில் அலுமினியத்தை ஊடுருவச் செய்து தயாரித்த சீல் ஒருவழியாகக் கீறலை நிறுத்தியது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 1972 வரை செய்யப்பட்டவை மொத்தம் 1,176 கார்கள் மட்டுமே. ஒரு கீறல் விழுந்த சுவரையும், கீறல் இல்லாத சுவரையும் அருகருகே வைத்திருக்கிறார்கள். முன்னால் போன பிள்ளைகளில் ஒரு சிறுமி கீறலின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, எழுதுவதை நிறுத்தி நின்றாள்.

பிறகு வந்தது 1973. எண்ணெய் விலை ஏறிய நேரத்தில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் சோதனை ரோட்டரி கார்களுக்கு நகர ஓட்டத்தில் கேலனுக்கு 10 மைல் அளவே கொடுத்தது. லிட்டருக்கு 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் என்று பொருள். விற்பனை சரிந்தது, சுமிடோமோ வங்கி நிர்வாகத்துக்குள் வந்தது, 1977இல் மட்சுதா குடும்பம் தலைமைப் பதவியை இழந்தது, 1979இல் ஃபோர்டு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வாங்கியது. இவ்வளவுக்கும் நடுவில் 1978இல் ஆர்எக்ஸ்-7 என்ற புதிய ரோட்டரி காரை அவர்கள் வெளியிட்டார்கள் என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது.

கடைசியில் 787பி நிற்கிறது. 1991 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 362 சுற்றுகள் ஓடி வென்ற, ஆரஞ்சும் பச்சையும் பூசிய 55ஆம் எண் கார். ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே பெற்ற முதல் வெற்றி அது. அடுத்த வெற்றிக்கு ஜப்பான் 2018 வரை காத்திருந்தது. கடைசி முறை வண்டியில் ஏறிய ஜானி ஹெர்பர்ட், நீர் வற்றிச் சோர்ந்துபோய், மேடைக்கு வர முடியாமல் மருத்துவக் கூடத்தில் கிடந்தார்.

அருங்காட்சியகத்தின் வழியாகவே கார்களைப் பூட்டும் வரிசையையும் காட்டுகிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. ஒரே வரிசையில் பெரிய வண்டிக்குப் பின்னால் ரோட்ஸ்டர் என்ற சிறிய விளையாட்டுக் கார், அதற்குப் பின்னால் இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட ஏற்றுமதி வண்டி என்று கலந்து வருகின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் வேண்டிய உதிரிபாகங்கள் அதனுடனேயே வந்து சேர்கின்றன. வெளியே வந்தபோது கால் கடுத்தது. நிலையத்தின் எதிரே ஒரு கடையில் 150 யென்னுக்குச் சோற்று உருண்டையும், இயந்திரத்தில் சூடான டப்பாத் தேநீரும் வாங்கிக்கொண்டு, திரும்பும் ரயிலுக்காக உட்கார்ந்தேன்.

நவம்பர் 13, புதன் – ஹிஜியாமா

விடியும்போதே மழை. அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்கு 200 யென் கட்டணம். அங்கே கண்டதை இந்தக் குறிப்பில் எழுதப்போவதில்லை. அதற்கு உரிய இடம் தனி. வெளியே வந்ததும் தம்பியும் நானும் ஒரு குடையின் கீழ் ஹிஜியாமா குன்றின்மேல் ஏறினோம்.

குன்று உயரமே இல்லை, சுமார் 70 மீட்டர்தான். ஆனால் குண்டு வெடித்த இடத்துக்கும் கிழக்கே ஃபுச்சூவில் இருந்த மஸ்தா தொழிற்சாலைக்கும் நடுவே இந்தக் குன்று நின்றது. வெடிப்பு மையத்திலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவும் இந்த மறைப்பும் சேர்ந்து, கட்டடங்கள் சேதமடைந்தாலும் இயந்திரங்களைத் தப்பவைத்தன. அன்று நகருக்குள் வேலைக்குச் சென்றிருந்த தொழிலாளர்கள் பலர் திரும்பவில்லை. ஆகஸ்ட் 6 ஜுஜிரோ மட்சுதாவின் எழுபதாவது பிறந்தநாள். காலையிலேயே நகருக்குள் முடிவெட்டிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டதால் உயிர் தப்பினார். அவருடைய மகன் ஒருவர் இறந்துபோனார். காயம்பட்டவர்கள் தொழிற்சாலைக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சில நாட்களில் மாகாண அரசின் அலுவலகமே அந்தக் கட்டடங்களுக்குள் குடியேறி, ஏறத்தாழ ஓராண்டு அங்கிருந்து இயங்கியது. டிசம்பரில் மூன்று சக்கர வண்டிகள் மீண்டும் வெளியே வந்தன. தரைமட்டமான ஊருக்கு மரமும் ஓடும் சுமந்தவை அவை.

இந்த ஊரார் அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது, நல்லது கெட்டது இரண்டையும் சொந்த வீட்டைப் பற்றிச் சொல்லும் உரிமையுடன் சொல்வதன் காரணம் குன்றின்மேல் நின்றபோது எனக்கு விளங்கியது. இறங்கும் வழியில் மழை வலுத்தது. பூங்காவைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் தம் கொட்டகையில் எங்களை உட்காரவைத்து, மழை குறைந்த பிறகே அனுப்பினார்.

நவம்பர் 14, வியாழன் – சாய்ஜோ

மழை விட்டு, குளிர் காற்று வீசியது. சாக்கே மது வடிக்கும் ஊரான சாய்ஜோவில்தான் தம்பி குடியிருக்கிறார். புகைபோக்கிகளில் தங்கள் பெயர்களை எழுதிவைத்த பழைய வடிப்பாலைகளைத் தாண்டி, ஊர்க் கோடியில் இருக்கும் ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்றார். ரோட்டரி என்ஜின்களைப் பிரித்துப் பூட்டுவதில் கைதேர்ந்த, அறுபதைக் கடந்த மெக்கானிக் ஒருவருடையது அது. அன்று அங்கே மூன்று ஆர்எக்ஸ்-7களும் ஓர் ஆர்எக்ஸ்-8உம் நின்றிருந்தன.

காரின் உரிமையாளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அங்கேதான் நேரடியாகக் கேட்டேன். 1990களின் ஆர்எக்ஸ்-7 ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கும் ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே குறைகளை அடுக்கினார். ஊருக்குள் ஓட்டினால் லிட்டருக்கு 5, 6 கிலோமீட்டர்தான் கொடுக்கும். சீல்களுக்கு வழவழப்பு வேண்டும் என்பதற்காக என்ஜினே சிறிது சிறிதாக ஆயிலை எரித்துக்கொள்ளும். ஆகவே பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவையும் பார்க்கவேண்டும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, இரண்டடி நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், உள்ளே பெட்ரோல் தேங்கி மறுபடி கிளம்ப மறுக்கும். சீல் தேய்ந்து அழுத்தம் குறைந்துவிட்டால் என்ஜினைப் பிரித்தே ஆகவேண்டும். மெக்கானிக்கின் கணக்குப்படி அதற்கு 10 லட்சம் யென் வரை ஆகலாம். பிறகு ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த உரிமையாளர் பதில் சொல்லாமல் என்னை உட்காரச் சொல்லி, பட்டறைக்குப் பின்னால் உள்ள சாலையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். என்ஜினின் நிமிடச் சுழற்சியைக் காட்டும் முள் 7,000ஐத் தொட்டபோதும் அதிர்வு என்று ஒன்று உடம்பில் படவில்லை. சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவில் 25 ஆண்டு நிறைந்த வண்டிகளை இறக்குமதி செய்யலாம் என்ற விதி இருப்பதால், இந்தக் கார்களின் விலை இப்போது எங்கோ போய்விட்டது என்றும், விற்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு மறுத்துச் சொல்வதே ஒரு வேலையாகிவிட்டது என்றும் சொன்னார்.

மெக்கானிக் வேறொரு கதை சொன்னார். 1989ஐ ஒட்டி மஸ்தா தன் விற்பனையை ஐந்து தனித்தனிப் பெயர்களில் பிரித்து விரித்தது. யூனோஸ், அன்ஃபினி, ஆட்டோசாம் என்று பெயர்கள் பெருகின. ஒரே காரைச் சற்று மாற்றிப் பல பெயர்களில் விற்றார்கள். பொருளாதாரம் சுருங்கியதும் தேங்கிய கார்களைப் பெரும் தள்ளுபடியில் தள்ளினார்கள். புதிதாக மலிவாகக் கிடைத்த காருக்குப் பழையதானதும் மதிப்பே இல்லாமல் போயிற்று. வேறு நிறுவனக் கடைகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டதால், நல்ல விலை கொடுக்கும் மஸ்தா கடைக்கே திரும்பிப் போய் இன்னொரு மஸ்தாவை வாங்குவதைத் தவிர வழி இல்லை. இதற்கு ஜப்பானில் 'மஸ்தா நரகம்' என்றே பெயர். 1996இல் ஃபோர்டு தன் பங்கை மூன்றில் ஒன்றாக உயர்த்தி, ஹென்றி வாலஸ் என்ற வெளிநாட்டவரைத் தலைவராக வைத்தது அந்தச் சரிவின் தொடர்ச்சிதான். 2012இல் சிஎக்ஸ்-5 வந்த பிறகு, தள்ளுபடியைக் குறைத்து வண்டியின் தரத்தைக் காட்டி விற்கத் தொடங்கினார்கள் என்றும், மறுவிற்பனை விலை அதற்குப் பின்னரே தேறியது என்றும் அவர் சொன்னார். அவரே ஓட்டுவது டீசல் சிஎக்ஸ்-5. இழுவைக்கும் செலவுக்கும் அதை மிஞ்ச முடியாது, பெட்ரோலைவிட டீசல் லிட்டருக்கு 20 யென் குறைவு என்று புகழ்ந்தவர், காய்கறி வாங்கும் தூரத்துக்கு மட்டும் ஓட்டுபவர்கள் டீசல் வாங்கவேண்டாம், கரி படிந்து தொல்லை கொடுக்கும் என்று தம் வாடிக்கையாளர்களை எச்சரித்து அனுப்பிவிடுவாராம். விற்பவனுக்கு வேண்டாத இந்த நேர்மை எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்கியது.

நவம்பர் 15, வெள்ளி – மியாஜிமா

நாளெல்லாம் அலைந்ததில் முழங்கால் வீங்கிவிட்டது. ஓய்வாக இருக்கலாம் என்று மியாஜிமா தீவுக்குப் போனோம். படகுக் கட்டணத்துடன் பயணியர் வரி 100 யென். மான்கள் கையிலிருந்த காகிதப் பையைப் பிடுங்கித் தின்றன. சுட்ட சிப்பி இரண்டு வாங்கினோம். எலுமிச்சை பிழிந்து சூட்டோடு சாப்பிடச் சொன்னார்கள், உப்பும் புகையுமாக நன்றாகவே இருந்தது. மீதி நேரம் முழுவதும் கடற்கரைப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 16, சனி – சான்டான்க்யோ பள்ளத்தாக்குச் சாலை

பட்டறையில் அறிமுகமான ஒரு தம்பதியர், தங்கள் ரோட்ஸ்டரில் மலைப்பக்கம் போவதாகவும், விருப்பமிருந்தால் தம்பியின் காரில் பின்தொடரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். 1989இல் முதன்முதலில் வந்த அந்த இரண்டு இருக்கைக் கார், 2016இல் பத்து லட்சத்தை எட்டியது. இரண்டு இருக்கை விளையாட்டுக் கார்களில் உலகிலேயே மிக அதிகமாக விற்றது என்று கின்னஸ் பதிவு பெற்றது. இவர்களுடையது முதல் தலைமுறையைச் சேர்ந்தது. 191ஆம் எண் சாலையில், ஓட்டா ஆற்றை ஒட்டி வடக்கே போனோம். மேப்பிள் இலைகள் சிவந்திருந்த இடங்களில் அவர்கள் நிறுத்தி, துணிக்கூரையை மடித்துவிட்டு எனக்கு இடம் கொடுத்தார்கள். குளிரில் காது எரிந்தது; காலுக்கு மட்டும் ஹீட்டரின் வெப்பம் வந்தது. வண்டியின் வேகம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும் கணத்திலேயே முன்பக்கம் திரும்பிவிடுகிறது என்பதை, ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானே உணர்ந்தேன்.

அந்தக் கணவர் மூட்டைக்கு இடமில்லை, மழையில் ஓரம் ஒழுகும், நெடுஞ்சாலையில் பேச்சே கேட்காது என்று வரிசையாகச் சொன்னார். மனைவி அதையெல்லாம் ஆமோதித்துவிட்டு, கூரைத் துணியையும் ஸ்டீயரிங்கையும் சில ஆண்டுகளுக்கு முன் புதிதாக மாற்றியதைக் காட்டினார். 2017இல் மஸ்தா அறிவித்த சீரமைப்புத் திட்டத்தின்கீழ் முதல் தலைமுறை வண்டிகளுக்கான உதிரிபாகங்களை நிறுவனமே மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. முப்பது ஆண்டுப் பழைய மலிவான காருக்கு உதிரிபாகம் செய்து தருவதில் பெரிய லாபம் இருக்க முடியாது. இருந்தும் செய்கிறார்கள் என்பதற்காகவே அடுத்த காரும் இங்கேதான் என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

வழியோரக் கடையில் 900 யென்னுக்குச் சூடான சோபா நூடுல்ஸ் சாப்பிட்டபடி ரோட்டரியின் எதிர்காலம் பற்றிப் பேசினோம். 2012இல் ஆர்எக்ஸ்-8 நின்றதோடு ரோட்டரி முடிந்தது என்று எல்லாரும் எண்ணியிருக்க, 2023இல் எம்எக்ஸ்-30 காரில் 830 சிசி ஒற்றைச் சுழலி திரும்ப வந்தது. இப்போது அது சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, பேட்டரிக்கு மின்சாரம் உண்டாக்குகிறது. கணவருக்கு அது மனநிறைவு தரவில்லை. ஒரே வேகத்தில் சுழலும் வேலைக்கு ரோட்டரிதான் மிகப் பொருத்தம், சிறிய இடத்தில் அடங்கும், அதிராது என்று மனைவி வாதிட்டார். எனக்கு மனைவியின் பக்கமே சரி என்று தோன்றுகிறது. ரோட்டரியை அழியவிடாமல் வைத்திருந்தால்தான் அதைத் தெரிந்த கைகளும் தொழிற்சாலையில் மிஞ்சியிருக்கும்.

திரும்பும் வழியில் தம்பியின் டெமியோவில் பேச்சு அதன் எதிர்காலத்துக்கு மாறியது. ஜப்பானில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைக் கட்டாய ஆய்வுக்குக் கொடுத்து, வரியும் காப்பீடும் சேர்த்துக் கட்டவேண்டும். அவருடைய வண்டிக்கு ஜனவரியில் தவணை வருகிறது. ஏறத்தாழ 1 லட்சம் யென் ஆகும். மாணவர் ஒருவருக்கு அது பெரிய தொகை. ரயிலே போதும் என்று விற்றுவிட நினைத்திருந்தாராம். சாய்ஜோவை நெருங்கியபோது, "இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிப் பார்க்கிறேன் மாமா, அந்த மெக்கானிக் ஐயாகிட்டயே கொடுத்துடறேன்" என்றார். திங்கட்கிழமை அவரிடம் நாள் கேட்டு வைப்பதாகச் சொல்லிவிட்டு, என்னை ஹிரோஷிமா ரயிலில் ஏற்றிவிட்டார்.